ஐரோப்பாவை ஒன்றாக்கியவர்கள் எல்லையோர மனிதர்களா? ஷூமன், மொனே, சார் நிலம் பற்றி ஒரு விவாதம்

#1 · நெடுவழி

ஐரோப்பிய ஒன்றியம் என்றதும் நம்மில் பலருக்கு யூரோவும் விசாவும் பிரெக்ஸிட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. அதைத் தொடங்கிவைத்த மனிதர்களைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு கருத்து மனத்தில் உறுதிப்பட்டது. அதை இங்கே வைக்கிறேன். ஏற்காதவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

1950 மே 9 அன்று மாலை, பாரிஸில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகத்தின் கடிகாரக் கூடத்தில் அமைச்சர் ரொபேர் ஷூமன் ஓர் அறிக்கையை வாசித்தார். பிரான்சும் ஜெர்மனியும் உற்பத்தி செய்யும் நிலக்கரி, எஃகு முழுவதையும் ஒரு பொது அதிகார அமைப்பின் கீழ் வைப்போம், விரும்பும் மற்ற நாடுகளும் சேரலாம் என்பது அதன் சாரம். ஐரோப்பாவில் போர் ஓய்ந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த ஷூமன் 1886இல் லக்சம்பர்க்கில் பிறந்தவர். அவருடைய தந்தை பிரான்ஸ்-ஜெர்மனி எல்லையோர லொரேன் பகுதிக்காரர். பிரெஞ்சுக்காரராகப் பிறந்து, 1871இல் அந்த நிலம் ஜெர்மனியின் கைக்குப் போனபோது ஜெர்மன் குடிமகனானவர். ஆகவே மகனும் பிறப்பால் ஜெர்மன் குடிமகன். பான், மியூனிக், பெர்லின், ஸ்ட்ராஸ்பூர்க் என்று அன்றைய ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களிலேயே சட்டம் படித்து, மெட்ஸ் நகரில் வழக்கறிஞரானார். முதல் உலகப்போர் முடிந்ததும் மெட்ஸ் மீண்டும் பிரான்சோடு சேர்ந்தது. அவர் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. அவரைச் சுற்றி நாடு மாறியது. 1919இல் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர். 1940இல் நாஜி இரகசியக் காவல்படையான கெஸ்டாப்போவின் கைதி. 1942இல் காவலிலிருந்து தப்பியவர். 1947இல் பிரான்சின் பிரதமர். ஒரே ஆயுளில் இத்தனையும்.

இத்தாலியின் அல்சிடே டி காஸ்பெரியைப் பாருங்கள். 1881இல் அவர் பிறந்த திரெந்தினோ அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியின் பகுதி. வியன்னாவில் படித்து, 1911இல் வியன்னா நாடாளுமன்றத்திலேயே உறுப்பினராக அமர்ந்தவர் பிற்காலத்தில் இத்தாலியின் பிரதமரானார். இடையில் முசோலினியின் சிறை. அதன்பின் வத்திக்கான் நூலகத்தில் ஒரு சிறிய வேலை. மூன்றாமவர் கொன்ராட் அடெனவர், ரைன் நதிக்கரைக் கொலோன் நகரின் மேயர். நாஜிகள் 1933இல் அவரைப் பதவியிலிருந்து துரத்தினார்கள். 1949இல் மேற்கு ஜெர்மனியின் சான்சலரானபோது அவருக்கு வயது 73. அவரை அங்கே அமர்த்தியது ஒரே ஒரு ஓட்டு.

மூவரும் கத்தோலிக்கர்கள். மூவரும் தங்களுக்குள் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஜெர்மன் மொழியிலேயே பேசிக்கொண்டார்கள். தலைநகரங்களில் வளர்ந்தவர்களுக்கு எல்லை என்பது வரைபடத்தில் ஒரு கோடு. இவர்களுக்கு அது வீட்டுத் திண்ணையில் ஓடிய கோடு. ஐரோப்பிய ஒருங்கிணைப்பு எல்லையோர மனிதர்களின் படைப்பு என்பதே என் துணிபு.

#2 · நொய்யல்

நெடுவழி அண்ணா, மனத்தைத் தொடும்படி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வண்டிக்கு அச்சாணி எது, மேலே கட்டிய தோரணம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மே 9 என்ற தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மே 11 அன்று லண்டனில் அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர்களின் கூட்டம் தொடங்கவிருந்தது. அப்போது மேற்கு ஜெர்மனியின் எஃகு உற்பத்திக்கு ஆண்டுக்கு 1 கோடியே 11 லட்சம் டன் என்ற உச்சவரம்பு இருந்தது. பனிப்போர் முற்றிய நேரத்தில் அந்த வரம்பை உயர்த்த அமெரிக்கா விரும்பியது. உயர்த்தினால் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரி, எஃகு மையமான ரூர் பகுதியின் உலைகள் மீண்டும் முழு வீச்சில் எரியும். தன் நிலக்கரியைத் தானே தின்றுவிடும். பிரெஞ்சு உலைகளுக்குக் கோக், அதாவது நிலக்கரியைச் சுட்டுச் செய்யும் உலை எரிபொருள், கிடைக்காது. பிரான்சின் மறுகட்டுமானத் திட்டமே அந்தக் கோக்கை நம்பித்தான் இருந்தது. தடுக்கவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது. அந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேறும் வழிதான் ஷூமன் அறிக்கை. ஜெர்மனி பற்றி ஒரு கொள்கையை முன்வைக்குமாறு அமெரிக்க வெளியுறவுச் செயலர் டீன் அச்சிசன் 1949 இலையுதிர் காலத்திலேயே ஷூமனிடம் கேட்டிருந்தார்.

ஷூமன் திண்ணையில் எல்லை ஓடியது உண்மைதான். ஓடாதிருந்தாலும் பாரிஸ் ஏதோ ஒரு வடிவில் இதைச் செய்தே தீர வேண்டியிருந்திருக்கும்.

#3 · தென்றல்

இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். நிலக்கரிக்கும் எஃகுக்கும் ஏன் இத்தனை முக்கியத்துவம்? விவசாயத்திலோ பொதுவான வாணிபத்திலோ தொடங்கியிருக்கலாமே? அந்த அறிக்கையை ஷூமனே எழுதினாரா?

#4 · பழைய ஆசிரியர்

தென்றல், நல்ல கேள்வி. அன்று பீரங்கி, டாங்கி, தண்டவாளம், கப்பல் எல்லாமே எஃகு. எஃகு வார்க்க இரும்புத்தாதுவும் கோக்கும் வேண்டும். இயற்கை தாதுவை லொரேனிலும் கோக்குக்கான நிலக்கரியை ரூரிலும் வைத்தது. இடையே மனிதன் எல்லையை வைத்தான். 1870 முதல் 1945 வரை மூன்று போர்களில் அந்த எல்லை நகர்ந்துகொண்டே இருந்தது. இரண்டையும் ஒரே அமைப்பு நிர்வகித்தால் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குத் தெரியாமல் போருக்குத் தயாராக முடியாது.

எழுதியவர் ஷூமன் அல்லர். அதன் மூலவர் ழான் மொனே. கொன்யாக் ஊரில் பிராந்தி வணிகக் குடும்பத்தில் 1888இல் பிறந்தவர். 16 வயதில் பள்ளியை விட்டுவிட்டு, தொழில் கற்க லண்டன் போனார். புத்தகங்களைக் கொண்டுபோகாதே, ஜன்னலுக்கு வெளியே பார், மனிதர்களோடு பேசு என்று தந்தை சொல்லி அனுப்பியதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வாழ்நாள் முழுவதும் ஒரு தேர்தலிலும் நிற்காத அவர், இரு உலகப்போர்களிலும் நேச நாடுகளின் சரக்குக் கப்பல்களையும் தளவாடங்களையும் ஒன்றாகத் திரட்டும் வேலையைச் செய்தவர். நாடுகள் தங்கள் கையிருப்பை ஒரே குவியலாகப் போட்டால் என்ன நடக்கும் என்பதைக் கணக்கேட்டில் நேரில் கண்டவர் அவர்.

1950 ஏப்ரலில் எத்தியேன் ஹிர்ஷ், பியேர் உரி, சட்டப் பேராசிரியர் போல் ரொய்டர் ஆகியோரோடு உட்கார்ந்து வரைவை எழுதினார். ஒன்பது முறை திருத்தினார்கள். அந்த மாதக் கடைசியில், வார இறுதிக்கு ஊருக்குப் புறப்பட்ட ஷூமனிடம் பாரிஸ் ரயில் நிலையத்தில் அவருடைய அலுவலகத் தலைவர் பெர்னார் கிளாப்பியே அந்தத் தாள்களைக் கொடுத்தார். திங்கட்கிழமை திரும்பியதும் ஷூமன் சொன்ன பதில், படித்தேன், ஏற்றுக்கொள்கிறேன் என்பதுதான். அவர் படித்த இடம் மெட்ஸ் அருகே இருந்த அவருடைய வீடு. ரொய்டரும் மெட்ஸில் பிறந்தவரே. நெடுவழி இதைத் தன் கட்சிக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

மே 9 காலையில் ஷூமனின் தூதர் ஒருவர் மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகரில் அடெனவரின் அலுவலகத்துக்குக் கடிதத்தோடு போனார். அடெனவரின் ஒப்புதல் தொலைபேசியில் வந்த பிறகே பாரிஸ் அமைச்சரவையின் முன் திட்டம் வைக்கப்பட்டது. அச்சிசனுக்கு முன்பே தெரியும். பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவினுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் கடுங்கோபம் கொண்டார். பிரிட்டன் சேரவில்லை. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1951 ஏப்ரல் 18 அன்று பாரிஸில் நிலக்கரி, எஃகுச் சமூக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

#5 · யாழ்மொழி

அமைச்சர்களும் அலுவலர்களும் மட்டுமே வரலாறு செய்தது போல இழை போகிறது. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

1941இல், ஹிட்லர் வென்றுகொண்டிருந்த காலத்தில், இத்தாலியின் வெந்தொத்தேனே என்ற சின்னஞ்சிறு தீவில் முசோலினியின் அரசியல் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் அல்டியேரோ ஸ்பினெல்லி, எர்னெஸ்டோ ரொஸ்ஸி இருவரும் சுதந்திரமான ஒன்றுபட்ட ஐரோப்பாவுக்கான அறிக்கையை எழுதினார்கள். ஸ்பினெல்லி 19 வயதில் கம்யூனிஸ்டாகச் சிறை புகுந்து, ஸ்டாலினை ஏற்க முடியாமல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர். தேசிய அரசுகளை அப்படியே மீட்டெழுப்பினால் போரும் மீண்டு வரும், ஒரு கூட்டாட்சி வேண்டும் என்பது அவர்களின் வாதம்.

அந்தத் தாள்கள் தீவைத் தாண்டியது யாரால்? ஊர்சுலா ஹிர்ஷ்மானால். பெர்லினில் பிறந்த யூதப் பெண். நாஜிகளுக்குத் தப்பி இத்தாலி வந்தவர். கணவர் எவுஜேனியோ கொலொர்னி அங்கே கைதி. மனைவி என்ற முறையில் தீவுக்கும் கரைக்கும் போய்வர அவருக்கு அனுமதி இருந்தது. அதைப் பயன்படுத்தி அறிக்கையை வெளியே கொண்டுவந்தார். பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கொலொர்னி 1944இல் ரோமில் பாசிஸ்டுகளால் சுடப்பட்டு இறந்தார். பின்னர் ஊர்சுலா ஸ்பினெல்லியை மணந்தார். ஊர்சுலாவின் தம்பி ஆல்பர்ட் ஹிர்ஷ்மான் வாஷிங்டனில் ஐரோப்பிய மறுகட்டுமானத்தில் பணியாற்றிய பொருளியலாளர் என்பது பலருக்குத் தெரியாது.

இவர்களிடம் எஃகும் இல்லை, அமெரிக்க அழுத்தமும் இல்லை, நொய்யல். 1984 பிப்ரவரி 14 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒன்றியத்துக்கான வரைவு ஒப்பந்தத்தை 237க்கு 31 என்ற வாக்குகளில் ஏற்றபோது அதை முன்னின்று நடத்தியவர் அதே ஸ்பினெல்லி, 76 வயதில். அரசுகள் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆனாலும் தீவில் எழுதிய கைதி நாடாளுமன்றத்தில் நின்று வாதாடினார்.

#6 · சார்நதிக்கரை

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்தாறு ஆண்டுகளாக ஜெர்மனியின் சார் மாநிலத்தில், சார்ப்ரூக்கனில் வசிக்கிறேன். வேலை எல்லைக்கு அப்பால், பிரான்சில். நெடுவழி அண்ணாவின் கருத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் எல்லையோர மக்களிடம் நேரடியாகக் கேட்டபோது அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி.

1945க்குப் பின், தன் எல்லையை ஒட்டிய நிலக்கரிப் பகுதியான சார் நிலத்தை பிரான்ஸ் ஜெர்மனியிலிருந்து பிரித்துத் தன் பாதுகாப்பில் வைத்தது. தனி அரசியல் சட்டம், தனி அரசு, புழக்கத்தில் பிராங்க். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சார் தனி நாடாகப் பங்கேற்றது. 1954 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அதன் கால்பந்து அணி மேற்கு ஜெர்மனியோடு மோதியது. இந்தச் சிக்கலை அவிழ்க்க பாரிஸும் பானும் கண்ட வழி, சாரை ஐரோப்பிய நிலமாக்குவது. யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் பொதுவான ஒரு துண்டு நிலம். ஐரோப்பிய அமைப்புகளுக்கு சார்ப்ரூக்கனே தலைநகராகலாம் என்றுகூடப் பேசப்பட்டது.

1955 அக்டோபர் 23 அன்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. 67.7 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

என் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த வாக்கெடுப்பில் அவர் வேண்டாம் என்று போட்டார். அவருடைய அப்பா வேண்டும் என்று போட்டார். கிறிஸ்துமஸ் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லையாம். ஆட்சித் தலைவர் யோஹன்னெஸ் ஹோஃப்மானைக் குறித்து "அந்தப் பருத்தவர் போகட்டும்" என்று சுவரெல்லாம் எழுதியிருந்ததை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஐரோப்பா பிடிக்காமலா அப்படி வாக்களித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "எங்களை யார் என்று பிறர் தீர்மானித்தது போதும் என்று போட்டேன்" என்றார்.

#7 · நெடுவழி

சார்நதிக்கரை அவர்களே, இந்த வாக்கெடுப்பைப் பற்றி ஒரு வரிதான் படித்திருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் கருத்தை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. எல்லையில் பிறந்ததாலேயே ஒருவர் எல்லையற்ற ஐரோப்பாவை விரும்பிவிடுவார் என்பது போல எழுதிவிட்டேன். அது தவறு. எல்லை அவர்களைப் பந்தாடிய அனுபவம் ஷூமனை ஒரு பக்கமும் அந்த மூதாட்டியை மறுபக்கமும் தள்ளியிருக்கிறது.

ஆனால் அதற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே பெரிதாகப் படுவது அதுதான். பிரான்ஸ் தோற்றது. தோற்ற பிரான்ஸ் படையை அனுப்பவில்லை, வாக்கெடுப்பைச் செல்லாது என்றும் சொல்லவில்லை. 1956 அக்டோபர் 27 அன்று லக்சம்பர்க்கில் ஒப்பந்தம் போட்டு, 1957 ஜனவரி 1 அன்று சாரை மேற்கு ஜெர்மனியிடம் விட்டது. பதிலுக்கு, லொரேன் எஃகாலைகளுக்குச் சரக்குப் படகுகள் போய்வர மொசெல் நதியை ஆழப்படுத்தி, படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகள் கட்ட ஜெர்மனி ஒப்புக்கொண்டது. 1964இல் அந்த நீர்வழி திறக்கப்பட்டது. மூன்று தலைமுறை இரத்தம் சிந்திய சச்சரவு கடைசியில் ஒரு கால்வாய்ப் பணியாக முடிந்தது. ஆறு நாடுகளின் அமைச்சர்களும் ஏற்கெனவே அடிக்கடி ஒரே மேசையில் உட்காரப் பழகியிராவிட்டால் இது இவ்வளவு அமைதியாக முடிந்திருக்குமா?

#8 · பழைய ஆசிரியர்

நேர்வழிப் பயணம் போல யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். இதே ஆண்டுகளில்தான் பெருந்தோல்வியும் வந்தது. ஆறு நாடுகளுக்கும் பொதுப் படை அமைக்கும் ஒப்பந்தத்தை 1952இல் கையெழுத்திட்டார்கள். அதை முன்மொழிந்ததே பிரான்ஸ். 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றமே 319க்கு 264 என்று அதைத் தள்ளியது. அதற்காக உயிரைக் கொடுத்து உழைத்த டி காஸ்பெரி பதினொரு நாள் முன்னதாக, ஆகஸ்ட் 19 அன்று இறந்துவிட்டார். நிலக்கரி, எஃகுச் சமூகத்தின் பொது அதிகார அமைப்புக்குத் தலைவராக இருந்த மொனே அந்தப் பதவியை விட்டு விலக முடிவு செய்தார்.

வண்டியை மீண்டும் நகர்த்தியவர்கள் சிறு நாட்டுக்காரர்கள். டச்சு வெளியுறவு அமைச்சர் யோஹான் பெயன், துறை துறையாகப் போகாமல் ஒட்டுமொத்தச் சந்தையையே ஒன்றாக்குவோம் என்றார். 1955 ஜூனில் சிசிலியின் மெசினாவில் கூடியபோது அந்த யோசனை ஏற்கப்பட்டது. பெல்ஜியத்தின் வெளியுறவு அமைச்சர் போல்-ஹென்றி ஸ்பாக் அதை வரைவாக்கும் குழுவை விரட்டி வேலை வாங்கினார். 1957 மார்ச் 25 அன்று, ஆறு நாடுகளின் பொதுச் சந்தைக்கான ரோம் ஒப்பந்தம். பெயனின் பெயர் இன்று நெதர்லாந்திலேயே அதிகம் கேட்பதில்லை, அது நியாயமில்லை.

#9 · புதுவைக்காரன்

ரோம் ஒப்பந்தத்தைப் போற்றும்போது அதன் 227ஆம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள் ஐயா. அல்ஜீரியாவின் பெயர் அதில் நேரடியாக இருக்கிறது. அங்கே விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆப்பிரிக்காவில் இருந்த பிரெஞ்சு, பெல்ஜியக் குடியேற்ற நாடுகளும் இணைப்பு நிலங்களாகச் சேர்க்கப்பட்டன; அவற்றுக்கான வளர்ச்சி நிதியாக ஐந்து ஆண்டுகளுக்கு 58 கோடி டாலருக்குச் சற்று மேல் ஒதுக்கினார்கள். அங்கே வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சார் மக்களுக்குக் கிடைத்த வாக்குச்சீட்டு அல்ஜியர்ஸ் மக்களுக்கு 1957இல் கிடைக்கவில்லை.

எங்கள் புதுச்சேரி அதற்குள் வெளியேறிவிட்டது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சார் வாக்கெடுப்புக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்த குடும்பங்கள் இன்றும் இங்கே ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கின்றன. என் பெரியம்மா வீட்டிலும் வாக்காளர்கள் இருக்கிறார்கள். நான் இந்தத் திட்டத்தின் எதிரி அல்லன். ஆனால் அமைதியின் வரலாறு என்று எழுதும்போது, அந்த அமைதி யாருக்கு முதலில் வந்தது, யாருக்கு வரவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

#10 · நொய்யல்

புதுவைக்காரன் சொல்வது முழு உண்மை. யாழ்மொழி அக்கா சொன்னதையும் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எஃகையும் நிலக்கரியையும் பற்றி அவ்வளவு எழுதிய நான், அதை வெட்டியவர்களைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை.

1946இல் இத்தாலிக்கும் பெல்ஜியத்துக்கும் ஓர் உடன்பாடு: இத்தாலி ஆட்களை அனுப்பும், பெல்ஜியம் நிலக்கரி தரும். வேலையில்லாத தெற்கு இத்தாலிய இளைஞர்கள் ரயில் ரயிலாகப் போனார்கள். பலர் தங்கியது போர்க்கைதிகளை அடைத்திருந்த தகரக் கொட்டகைகளில். 1956 ஆகஸ்ட் 8 காலை மார்சினெல் ஊரின் புவா து காசியே சுரங்கத்தில் தீப்பிடித்தது. 262 பேர் இறந்தார்கள். பன்னிரண்டு நாட்டவர். அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள், 95 பேர் பெல்ஜியர்கள். பொது நிலக்கரிச் சந்தை திறந்து மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. சந்தை ஒன்றானது, பாதுகாப்பு விதிகள் ஒன்றாகவில்லை. அதன் பிறகுதான் நிலக்கரிச் சமூகம் சுரங்கப் பாதுகாப்புக்கென்று நிலையான ஓர் அமைப்பை 1957இல் ஏற்படுத்தியது.

ஒருங்கிணைப்பைச் செதுக்கியவர்கள் பட்டியலில் அந்த 262 பேரையும் சேர்க்கிறேன்.

#11 · சார்நதிக்கரை

நொய்யல் தம்பி, எங்கள் பக்கத்தில் லூயிசன்தால் சுரங்கம் 1962 பிப்ரவரி 7 அன்று வெடித்தபோது 299 பேர் போனார்கள். இன்று சுரங்கம் எதுவும் இல்லை. லொரேனின் கடைசிச் சுரங்கம் 2004இல் மூடப்பட்டது, சாரின் கடைசிச் சுரங்கம் 2012இல். நிலக்கரி, எஃகுச் சமூக ஒப்பந்தமே 50 ஆண்டுகளுக்குப் போடப்பட்டது; அதுவும் 2002 ஜூலையில் காலாவதியாகிவிட்டது. எதற்காகச் சண்டையிட்டார்களோ அந்தப் பொருளே தீர்ந்துபோனது.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது எல்லையை மூடினார்கள். கிளைன்பிளிட்டர்ஸ்டோர்ஃபில் சார் நதியின் மேல் ஒரு நடைபாலம் இருக்கிறது. நட்புப் பாலம் என்று பெயர். அதன் நடுவில் தடுப்பு வைத்தார்கள். பக்கத்து ஊரில் ஒருவர் பிரெஞ்சுக் கடையின் ரொட்டியைத் தூண்டில் கொம்பால் தூக்கி வாங்கினார். கடையில் பிரெஞ்சு மொழியில் பேசியவர்களை முறைத்த சம்பவங்களும் நடந்தன. எழுபது ஆண்டு வேலை ஒரு வாரத்தில் இப்படி ஆகிவிடுமா என்று பயந்தேன். நான் ஏற்கெனவே ஒரு நாட்டில் சோதனைச் சாவடிகளைப் பார்த்தவன். எனக்கு அந்தத் தடுப்பு வெறும் இரும்பாகத் தெரியவில்லை.

#12 · நெடுவழி

அடுத்த கோடையில் அந்தப் பக்கம் வருவதாக இருக்கிறேன். ஷூமன் வாழ்ந்த வீட்டைப் பார்க்க முடியுமா? சார்ப்ரூக்கனிலிருந்து எவ்வளவு தூரம்?

#13 · சார்நதிக்கரை

கட்டாயம் வாருங்கள் அண்ணா. அவருடைய வீடு மெட்ஸை ஒட்டிய சி-ஷாசெல் என்ற சிற்றூரில் இருக்கிறது. இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். இப்போது அருங்காட்சியகம். 1963 செப்டம்பர் 4 அன்று அங்கேயே இறந்தார். வீட்டுக்கு எதிரே கோட்டை போன்ற பழைய தேவாலயம். அதற்குள் அவர் கல்லறை. பணமும் பகட்டும் இல்லாத வீடு, மணமாகாத மனிதரின் வீடு, நிறையப் புத்தகங்கள்.

வரும்போது முதலில் சார்ப்ரூக்கனில் இறங்குங்கள். இங்கிருந்து டிராம் எல்லையைத் தாண்டி சார்கெமின் வரை போகிறது. நட்புப் பாலத்தைப் பார்க்க கிளைன்பிளிட்டர்ஸ்டோர்ஃபில் இறங்கினால் போதும். நடந்து அக்கரைக்குப் போய் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பலாம். தேதி முடிவானதும் எழுதுங்கள், விடுப்பு எடுத்துவிடுகிறேன்.